பத்து மணி லோடு

தம்பி,

நீ சாத்தூரில் அறை எடுத்துப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிப்பா, சைட்ல இருக்கேன், பெறகு கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். நேரில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் எனக்குக் குரல் ஏறிவிடும், நான்காவது வார்த்தையில் உன் அம்மா நடுவில் வந்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன். முப்பத்தைந்து வருடமாகச் செங்கல், கம்பி, மணல் என்று சிட்டை எழுதிய கை இது. வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. கோர்வையாக இருக்காது. பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி. முக்கியமான விஷயத்தை முன்னால் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் இதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மகன் தலையெடுத்தால் அப்பனுக்கு நெஞ்சு நிமிரும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களே, அது பாதிதான். மீதியை எந்த அப்பனும் வெளியே சொல்வதில்லை. நீ சென்னையில் பெரிய கம்பெனியில் மஞ்சள் தொப்பி மாட்டிக்கொண்டு பதினான்காவது மாடியில் நின்று எடுத்து அனுப்பிய போட்டோவை நான் ஆமத்தூர் டீக்கடையில் காட்டாத ஆள் கிடையாது. பஸ்ஸுக்கு நின்றவர்களிடம்கூடக் காட்டினேன். அப்போது நெஞ்சு நிமிர்ந்தது உண்மைதான். அந்த வேலையை விட்டுவிட்டு, "அப்பா, இனி சேர்ந்து பாப்போம்" என்று நீ என் சைட்டுக்கே வந்து, என் ஆட்களுக்கு முன்னால் நின்று, என்னைவிட நன்றாக வேலை வாங்க ஆரம்பித்தாயே, அப்போதுதான் வயிறு காந்த ஆரம்பித்தது. தூரத்தில் இருக்கும்வரை நீ என் மகன். என் இடத்தில் வந்து நின்றதும் எனக்குப் போட்டி மேஸ்திரி ஆகிவிட்டாய்.

ஆனைக்குட்டம் வேலையின் முதல் நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் கேட்டைப் பூட்டியிருந்த நேரம். மறுபடி திறப்பதற்குள் அங்கே ஒரு கம்பெனிக்கு எட்டுச் சின்ன அறைகளும் அட்டைப்பெட்டி அடுக்க ஒரு கிட்டங்கியும் கட்டி முடிக்க வேண்டும். வழக்கம்போல வெடிமருந்து வேலை இல்லாமல் வீட்டில் இருந்த பொம்பளையாட்கள் சித்தாள் வேலைக்கு வந்திருந்தார்கள். நான் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். நீ ஒரு சித்தாளின் பின்னாலேயே மணல் மேட்டிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து மணல் மேட்டுக்கும் காலை முழுக்க நடந்துகொண்டிருந்தாய். நான் மாடசாமிக் கொத்தனாரிடம், "என்னய்யா இது, இன்ஜினியரு பொம்பளையாளு பின்னாலயே திரியுதாரு?" என்று கேட்டுச் சிரித்தேன். அந்தப் பெண் முருகேசுவரி, பாண்டுச் சட்டியைத் தலையில் வைத்தபடியே திரும்பி உன்னிடம் கேட்டாள்.

"என்ன சார் எண்ணுதீக?"

"எம்புட்டு தூரம் நடக்கீகன்னு காலடியை எண்ணுறேன்."

"எங்கிட்டக் கேட்டிருந்தா ஒரே வார்த்தையில சொல்லியிருப்பேனே. வேலை இங்கன நடக்கு, மண்ணு அங்கன கெடக்கு. அங்கன கொட்டச் சொன்னது மேஸ்திரி."

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சொன்னது நிஜம்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே எத்தனை சட்டி போகிறது என்று பார்க்க வசதியாக இருக்கும் என்று என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் எப்போதும் மணல் கொட்டச் சொல்வேன். என் கண்ணுக்கு வசதி, அவர்கள் காலுக்கு இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் மணல் மேடு இரண்டு சுவருக்கும் நடுவே போய்விட்டது. செங்கல்லைக் கொத்தனாரின் இடது கை எட்டுகிற இடத்தில் அடுக்க வைத்தாய். அன்று சாயங்காலம் மாடசாமி கட்டி முடித்த செங்கல் வரிகளைப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, இன்னைக்கு கூடுதலா ரெண்டு வரி ஏறியிருக்கு" என்று என்னிடமே வந்து சந்தோஷமாகச் சொன்னான். அவன் வாயில் சிமெண்டை அடைக்க வேண்டும்போல எனக்கு இருந்தது.

பிறகு அந்தத் தாள்கள். சிவகாசி அச்சாபீஸில் வீணாய்ப் போன காலண்டர் தாள்களைக் கட்டாக வாங்கி வந்து, படம் இல்லாத பின்பக்கத்தில் மறுநாள் வேலையை எழுதி ஸ்டோர் சுவரில் ஒட்டினாய். எந்த அறையில் யார், எவ்வளவு, அதற்கு என்ன சாமான், அது எத்தனை மணிக்கு வரும் எல்லாம் அதில் இருக்கும். காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் கால் மணி நேரம் எல்லோரும் அதன் முன்னால் நிற்க வேண்டும். நீ பேச மாட்டாய். அவர்கள்தான் பேச வேண்டும், தனக்கு என்ன குறைகிறது என்று. கொத்தனாருக்குக் கையாளாக நிற்கிற, வாயே திறக்காத நிமிர்ந்தாள்கூட, "சார், சாரம் கட்ட கயிறு பத்தாது" என்றான். அந்தக் கயிறு இல்லாமல் என் காலத்தில் அவன் மத்தியானம் வரை பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் வந்து கத்துவேன், அதற்குப் பிறகு கயிறு வாங்க ஆள் போகும். ஒரு நாள் நீ இல்லாத நேரம் பார்த்து அந்தத் தாளைக் கிழித்துவிடலாம் என்று கை வைத்தேன். ஓரத்தைப் பிரித்தால் மறுபக்கம் முருகன் வேலோடு நிற்கிறார். அப்படியே ஒட்டிவிட்டு வந்துவிட்டேன்.

முருகேசுவரியை நீ சட்டி தூக்குவதிலிருந்து எடுத்து, சாமான் நோட்டைக் கையில் கொடுத்தாய். எந்த லோடு எப்போது வர வேண்டும், முந்தின நாள் சாயங்காலமே டிரைவருக்கோ கடைக்கோ போன் செய்து உறுதிப்படுத்த வேண்டும், வந்ததும் எழுத வேண்டும். "எட்டாம் கிளாஸ் படிச்சவகிட்ட நோட்டா?" என்று நான் கேட்டேன். நீ சொன்னாய், "இந்த சைட்ல காத்திருக்கிறது தப்புன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவுகதான்ப்பா." அவளிடமே கேட்டேன், இதெல்லாம் உனக்கு எங்கே தெரியும் என்று. "மருந்தைக் கலந்துட்டு சும்மா வச்சிருக்க மாட்டோம் அண்ணாச்சி. கலந்தது காத்துக்கெடந்தா உசுருக்கு ஆபத்து. பதினாறு வருசமா அதையே பாத்த கண்ணு. இங்கன வந்து பாத்தா, சாந்தைக் குழைச்சு வச்சுட்டு கல்லுக்கு நிக்காக. எனக்கு நெஞ்சு பதறுது" என்றாள். பதில் தெரியாத இடத்தில் எனக்குக் கோபம் வரும், அது உனக்குத் தெரியும்.

இப்போது நீ பிறந்த நாள் கதைக்கு வருகிறேன். உன் சின்ன வயதிலிருந்து நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். உன் அம்மாவுக்கு வலி எடுத்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டடத்தின் வரைபடம் மடித்தபடி என் சட்டைப் பையில் இருந்தது. மறுநாள் சைட்டுக்குப் போனால் முப்பது பேரும் முந்தின நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "மேஸ்திரி வரட்டும்னு இருந்தோம்" என்றார்கள். நான் இல்லாமல் ஒரு கல் நகராது என்பதற்கு அதையே சாட்சியாகச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். போன கார்த்திகையில் மறுபடி சொன்னபோது, நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்போ முப்பது பேரும் ஒரு நாள் பூரா சும்மாவா இருந்தாக?" என்று கேட்டாய். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாய். நான் கை கழுவ எழுந்துவிட்டேன். வரைபடத்தை நான் மறதியாக எடுத்துப் போய்விடவில்லை தம்பி. எப்போதுமே யாரிடமும் கொடுக்க மாட்டேன். அளவு எல்லாம் என் பையில், லோடு விவரம் எல்லாம் என் தலையில். எல்லோரும் எனக்காகக் காத்திருந்தால்தான் நான் மேஸ்திரி. மேற்பார்வை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அந்த ஆனைக்குட்டம் சைட்டில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. டீக்காரர் முதல் கிளாஸை உன்னிடம் நீட்டினார். மாடசாமி சந்தேகம் கேட்க உன்னிடம் போனான், நீ இல்லாவிட்டால் தாளிடம் போனான். கம்பெனி முதலாளி வந்தால், "தம்பி எங்க மேஸ்திரி?" என்று என்னிடமே உன் விலாசம் விசாரித்தார். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, "இன்னைக்கு எந்த அறைய்யா முடிஞ்சது?" என்று உன் தட்டைப் பார்த்துக் கேட்கிறாள். என் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள், அவ்வளவுதான். எல்லாம் சின்ன விஷயம். எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றுவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உன்னை மடக்கினேன். மூன்றாம் அறையின் மேற்குச் சுவர் விரலளவு சாய்ந்திருந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது நான் சொன்னதுதான் சரி. "அப்பா கண்ணுக்கு ஈடு கிடையாது" என்று நீ எல்லோர் முன்னாலும் மனசாரச் சொன்னாய். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான்கு நாள் ஓட்டினேன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

கிட்டங்கிக்கு நிலை வைத்த அன்றைக்குத்தான் எல்லாம் முற்றியது. வெடித்தால் ஓடித் தப்பச் சின்ன அறைகளுக்கு நாலு பக்கமும் வாசல் என்பதால் எந்த நிலைக்கு மஞ்சள் பூசுவது என்று முதலாளி குழம்பி, கிட்டங்கிக்கு மட்டும் முறையாகப் பூசை செய்துவிடலாம் என்றார். நிலை நிறுத்தி, பூ கட்டி, சூடம் காட்டி, தாம்பாளத்தில் வேட்டி துண்டு வெற்றிலை எல்லாம் வைத்து எடுத்தார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தேன். முப்பத்தைந்து வருடமாக அந்தத் தட்டு என்னிடம்தான் வரும், கால் தானாக நகர்ந்துவிட்டது. அவர் என்னைத் தாண்டிப் போய் உன்னிடம் நீட்டினார். நீ வாங்கிய கையோடு திரும்பி என்னிடம் நீட்டினாய். "எனக்கு எதுக்குலே? ஒனக்குத்தானே குடுத்தாக" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீ கொடுத்து நான் வாங்க வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரத்தில் சொன்னேன்.

அதற்கு ஒன்பதாம் நாள் கிட்டங்கிக்கு மேல்தளம் போட்டாய். இனி எழுதப்போவதைத்தான் இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே வந்தேன்.

தாளில் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். காலை ஏழுக்குக் கான்கிரீட் தொடக்கம். கையிலிருக்கிற எம்-சாண்ட் மணல் பாதித் தளத்துக்கு வரும். மீதிக்கு டிப்பர் லோடு பத்து மணிக்கு. முருகேசுவரி முந்தின நாள் ஐந்து மணிக்கு டிப்பர் டிரைவர் சுப்பையாவுக்குப் போன் செய்து, "அண்ணே, பத்து மணி, மறந்துறாதீக" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவள் வீட்டுக்குப் புறப்பட்ட பிறகு நான் சுப்பையாவைக் கூப்பிட்டேன். "தம்பி நேரத்தை மாத்திட்டான். லோடு ஒரு மணிக்குப் போதும்" என்றேன். இருபது வருடமாக என் சைட்டுக்கு லோடு அடிக்கிறவன். "சரி மேஸ்திரி" என்றான். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு போன்.

என் கணக்கு என்ன தெரியுமா? முழு லோடும் கையில் இல்லாமல் நான் ஒரு நாளும் தளம் தொடங்க மாட்டேன். தாளில் ஏழு என்று எழுதியிருந்தாலும் நேரம் வரும்போது நீயும் தொடங்க மாட்டாய், லோடு வரும்வரை நாற்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், முதலாளி வந்து பார்ப்பார், தாளும் நோட்டும் பல் இளிக்கும், நீ என்னிடம் வந்து "என்னப்பா செய்யலாம்" என்று கேட்பாய் என்று நினைத்தேன். ஆனால் நீ முருகேசுவரியின் நோட்டை நம்பி ஏழு மணிக்கே மிக்சரை ஓட்டிவிட்டாய். நம்பிக்கை வைத்து வேலை செய்கிறவன் எப்படி நடந்துகொள்வான் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பத்தேகாலுக்கு மணல் தீர்ந்தது. பாதித் தளத்தில் மிக்சர் நின்றுபோனது. தளம் பாதியில் நிற்கக் கூடாது என்று உனக்கு மீசை முளைக்கும் முன்னாலிருந்து சொன்னவன் நான். அதை நானே நிறுத்தியிருந்தேன்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அவள் சுப்பையாவுக்குப் போன் மேல் போன் போட்டாள், குவாரிப் பக்கம் லைன் கிடைக்கவில்லை. நீ ஓடி ஓடி கான்கிரீட் விளிம்பைச் சரிவாக்கி, ஈரச் சாக்கு போட்டாய். ஒன்றேகாலுக்கு லாரி வந்தது. சுப்பையா இறங்கி, "ஒரு மணிக்குத்தான சொன்னாக" என்றான். யார் சொன்னார்கள் என்று நீ கேட்கவில்லை. அவனோடு போன் பேசுவது ஒரே ஆள்தானே. முருகேசுவரியைப் பார்த்தாய். "பத்துன்னுதான் சார் சொன்னேன்" என்றாள். "நோட்டுல பத்துன்னு எழுதிட்டு வாயில ஒண்ணுன்னு சொல்லியிருக்கீக. இத்தனை பேரு உழைப்பையும் பாழாக்கிட்டீக" என்று நீ நாற்பது பேர் முன்னால் கத்தினாய். அது என் குரல் தம்பி. அதே ஏற்றம், அதே கை நீட்டல். சுப்பையா என்னைப் பார்த்தான். நான் கான்கிரீட்டைப் பார்த்தேன். என் தயவில் லோடு அடிக்கிறவன், அவன் என்ன செய்வான், வாயை மூடிக்கொண்டான். முருகேசுவரி நோட்டைச் சிமெண்ட் மூட்டையின் மேல் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

தளத்தைத் தாங்கிய பலகை அடைப்பைப் பிரித்து, அடுத்த மழையில் பாதியில் நின்ற அந்த ஒட்டு ஒழுகியதும், முதலாளி அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் நனைந்ததும், நீ கொத்திப் பூசிக் கொடுத்ததும் உனக்குத் தெரிந்த கதை. சாத்தூர் வேலைக்குப் போனதும் நீ என்னிடம் போனில் சொன்னாய், "ஒரு ஆளை நம்பினது என் தப்புப்பா. இனி எல்லாத்தையும் நானே பாத்துக்கிடுறேன். தாளும் வேண்டாம், நோட்டும் வேண்டாம்." அதைக் கேட்டதும் முதலில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். சந்தோஷமாக இருந்தது. அன்று இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

போன புதன்கிழமை உன்னிடம் சொல்லாமல் சாத்தூருக்கு பஸ் ஏறி வந்தேன். உன் சைட்டைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன், திமிர்தான், வேறென்ன. பதினொரு மணி இருக்கும். மிக்சர் நிற்கிறது. கொத்தனார்கள் லாரி நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சட்டி சாந்து வெயிலில் இறுகிக் கிடக்கிறது. "ஏன்யா உக்காந்துருக்கீக?" என்று கேட்டேன். நான் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒருவன் சொன்னான், "கம்பி எடுக்க சார் கோயில்பட்டிக்குப் போயிருக்காக. அளவு அவுக கையிலதான் இருக்கு. சார் வரட்டும்." நான் அங்கே நிற்கவில்லை, திரும்பி நடந்துவிட்டேன். என்னைப் போலவே நீ ஆகிவிட்டாய். அதைத்தானே இத்தனை நாளும் ஆசைப்பட்டேன்? பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்க முடியாமல் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறேனா என்று விசாரித்தார்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் அப்பன் என்பதால் சொல்கிறேன். நீ சென்னையிலிருந்து கொண்டுவந்ததில் ஒரு தப்பும் இல்லை. தாளை மறுபடி ஒட்டு. அளவை உன் பையில் வைக்காதே, சுவரில் வை. கடைசியில் வந்து சுவரை இடிக்கச் சொல்கிறவன் மேற்பார்வைக்காரன் இல்லை, முதல் வரியில் நூல் பிடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவன்தான். எங்கேயாவது வேலை நின்றால் யார் நிறுத்தியது என்று முதலில் கேட்காதே, எதனால் நின்றது என்று கேள். அன்றைக்கு நீ சுப்பையாவிடம், "ஒரு மணின்னு எப்போ போன் வந்தது, எந்த நம்பர்ல இருந்து?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். என் நம்பர் அவன் போனில் இருந்தது. உன் தப்பு அந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் என்னுடையது. ஒரு நல்ல ஆளை நம்பியதைத் தப்பு என்று நீ முடிவுகட்டியிருக்கிறாயே, அது உனக்கு நான் செய்த எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல்.

நேற்று முருகேசுவரி வீட்டுக்குப் போனேன். இப்போது தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். சுப்பையா அண்ணன் அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டாரு."

"பெறகு ஏம்மா எம் மகன்கிட்டச் சொல்லலை?"

"எப்பிடிச் சொல்ல? ஒங்கப்பாதான் பொய் சொல்லி லோடை நிறுத்துனாகன்னா? நம்புவாகளா? நாப்பது பேரு முன்னால பத்துன்னு நான் சொன்னதையே நம்பலை அவுக."

மன்னித்துவிடு என்றேன். அவள் மடித்த துணியை ஓரமாக வைத்தாள்.

"அதெல்லாம் பெறகு பாப்போம். இங்கன வந்து எங்கிட்டச் சொல்லி என்ன புண்ணியம்? நான் தப்பாச் சொல்லலைன்னு எனக்கே தெரியும். தெரியாதவுககிட்டச் சொல்லுங்க. வாயால வேண்டாம், போன்லயும் வேண்டாம். பேச்சு மாறிப்போகும்னு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எழுதிக் குடுங்க. ஒண்ணுவிடாம எழுதுங்க. தபால்ல போடாதீக, எங்கிட்டக் குடுங்க. நானே கொண்டுபோயிக் குடுக்கேன். படிக்கும்போது அவுக மொகத்தை நான் பாக்கணும்."

போனில் பேச முடியாததால் எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன். அதில் பாதிதான் உண்மை, எழுத வைத்தது அவள். உறையை ஒட்டாமல்தான் கொடுக்கிறேன். அவள் படித்துப் பார்த்து, விட்டுப்போனது ஏதாவது இருந்தால் என்னைத் திரும்ப எழுத வைத்துவிட்டுத்தான் கொண்டுவருவாள். எனவே இது உன் கையில் இருக்கிறது என்றால், இதில் உள்ளதெல்லாம் அவள் சரிபார்த்தது. அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிடுவது உன் இஷ்டம், வருவது அவள் இஷ்டம். ஆனால் எத்தனை பேர் முன்னால் அவளைத் திட்டினாயோ அத்தனை பேரைக் கூட்டி வைத்து, தப்பு யாருடையது என்று சொல்ல வேண்டும். என் பேரைச் சொல்லியே சொல். நானும் வந்து நிற்கிறேன்.

இவ்வளவு எழுதிய பிறகும் பொறாமை போகவில்லை தம்பி. இதைப் படித்து முடிக்கிற உன் முகத்தைப் பார்க்கப் போகிறவள் அவள், நான் இல்லை. நீ என்னை வெறுப்பாயா, பாவம் என்பாயா என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். நான் வேறு சுருக்கமாக எழுதத் தெரியாமல் இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். இவ்வளவு நேரமும் அவள் உன் எதிரில் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். நிமிர்ந்து பார். உட்காரச் சொல்.

அப்பா